அப்பாவுக்கு நினைவு தப்பினால் கையெழுத்து யார் போடுவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பக்கவாதம், தலைக்காயம், மறதி நோய் என எது வந்தாலும் முதல் வாரத்திலேயே பணம் வேண்டியிருக்கும். ஆஸ்பத்திரி பில் ஏறிக்கொண்டே போகும்; நோயாளியின் பேரில் வங்கியில் பணம் இருக்கும்; எடுக்க வழி இருக்காது. அந்த நேரத்தில் எங்களிடம் வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள் இவை. சட்டப் பிரிவு எண்களைக் கொடுத்திருக்கிறோம். வங்கியிலோ பதிவு அலுவலகத்திலோ பேசும்போது கையில் இருக்கட்டும்.

அப்பா என் பேரில் பவர் (அவருக்குப் பதிலாக நான் செயல்பட அதிகாரம் தரும் பத்திரம்) எழுதிப் பதிவும் செய்திருக்கிறார். இப்போது அவருக்கு ஆள் அடையாளமே தெரியவில்லை. பவர் செல்லுமா?

செல்லாது. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 201-வது பிரிவுப்படி, பவர் கொடுத்தவர் இறந்தாலும் பவர் முடிந்தது, புத்தி சுவாதீனம் இழந்தாலும் முடிந்தது. பதிவு செய்த பவர் என்பதால் இந்த விதி மாறாது.

“நான் நினைவிழந்த பின்னும் இந்தப் பவர் தொடரும்” என்று ஒரு வரி சேர்த்தால் போதும் என்று சில பத்திர எழுத்தர்கள் சொல்வார்கள். இங்கிலாந்திலும் சிங்கப்பூரிலும் அதற்கெனத் தனிச் சட்டமும் பதிவு முறையும் இருக்கின்றன. இந்தியாவில் அப்படி ஒரு சட்டம் இல்லை. அந்த வரியை நம்பி வீட்டை விற்கக் கூடாது.

202-வது பிரிவில் ஒரு விலக்கு உண்டு. பவர் வாங்கியவருக்கே அந்தச் சொத்தில் பணம் போட்ட உரிமை போன்ற ஒன்று இருந்தால் பவர் எளிதில் முடியாது. மகன் என்பதோ நாளைய வாரிசு என்பதோ அந்த உரிமை ஆகாது. பவர் முடிந்துவிட்டாலும், கொடுத்தவரின் நலன் கெடாமல் காக்க நியாயமான நடவடிக்கை எடுக்க வேண்டிய கடமை ஏஜென்டுக்கு, அதாவது பவர் வாங்கியவருக்கு, உண்டு (209-வது பிரிவு). கெட்டுப்போகும் சரக்கைக் காப்பாற்றலாம், வாடகைக்காரர் ஓடிவிடாமல் பார்த்துக்கொள்ளலாம். கிரயம் செய்வது அதில் சேராது.

தமிழ்நாட்டில் பவர் ஏஜென்ட் கிரயம் பதியப் போனால், பவர் கொடுத்தவர் உயிருடன் இருக்கிறார் என்று மருத்துவர் தரும் உயிர்வாழ் சான்று கேட்பார்கள். அந்தத் தாள் உயிரைத்தான் சொல்கிறது, நினைவைச் சொல்வதில்லை. அதை வைத்துப் பதிவு முடிந்துவிடலாம். சில வருடம் கழித்து அக்காவோ தம்பியோ மருத்துவப் பதிவேட்டுடன் கோர்ட்டுக்குப் போனால் வாங்கியவரின் பட்டா வரை ஆட்டம் காணும்.

அப்படியானால் பவர் எழுதி என்ன பயன்?

உடம்பு முடியாமல் போய் புத்தி தெளிவாக இருக்கும் காலத்துக்கு அது மிகவும் பயன்படும். இடுப்பு எலும்பு முறிந்து ஆறு மாதம் படுக்கை, பார்வை போனது, கை நடுக்கத்தில் கையெழுத்து வங்கிக் கையெழுத்தோடு ஒத்துப்போகாதது என எல்லாவற்றுக்கும் உதவும்.

எழுதும்போது “எல்லா அதிகாரமும்” என்று ஒரே வரியில் முடிக்காதீர்கள். வங்கிக் கணக்கு எண், பிக்சட் டெபாசிட் முடித்தல், வாடகை வசூல், வரி, மின் இணைப்பு, வழக்கு நடத்துதல் என்று தனித்தனியாக இருக்கட்டும். விற்கும் அதிகாரம் கொடுக்க விருப்பம் இல்லையென்றால் “விற்கவோ அடமானம் வைக்கவோ அதிகாரம் இல்லை” என்றே எழுதுங்கள். இரண்டு ஏஜென்டுகள் என்றால் “சேர்ந்தோ தனித்தோ” என்ற சொல் முக்கியம். அது இல்லாமல் போனால், ஒருவர் துபாயில் இருக்கும்போது எந்த வேலையும் நடக்காது. வங்கிக்கான பவரை வங்கியிடம் முன்கூட்டியே கொடுத்து ஏற்கவைத்துவிடுங்கள்.

அலுவலகத்துக்கு வர முடியாதவருக்குச் சார்பதிவாளர் வீட்டுக்கோ ஆஸ்பத்திரிக்கோ வர வழி இருக்கிறது. பதிவுச் சட்டம் 1908-இல் பவருக்கு 33-வது பிரிவு, மற்ற பத்திரங்களுக்கு 31-வது பிரிவு. மருத்துவர் கடிதத்துடன் மனு கொடுத்து, கூடுதல் கட்டணம் கட்ட வேண்டும். ஆனால் எழுதிக்கொடுப்பவர் சுயபுத்தியில் இல்லை என்று சார்பதிவாளருக்குத் தோன்றினால் 35-வது பிரிவின் கீழ் அவர் பதிவை மறுக்கத்தான் வேண்டும். “கொஞ்சம் பார்த்துச் செய்யுங்கள் சார்” என்று கெஞ்சி வாங்கும் பதிவு பிற்பாடு உங்கள் கழுத்துக்கே வரும்.

நாமினி போட்டிருக்கிறோம், உயிலும் இருக்கிறது. அது போதாதா?

இரண்டும் மரணத்துக்குப் பிறகுதான் உயிர் பெறும். பவரோ நினைவு இருக்கும்வரைதான். நினைவு போன நாளிலிருந்து உயிர் போகும் நாள்வரை ஒரு பள்ளம் இருக்கிறது. மறதி நோயில் அது பத்து வருடம்கூட நீளலாம். இந்தப் பக்கம் முழுக்க அந்தப் பள்ளத்தைப் பற்றியதுதான்.

வங்கி பணம் தர மறுக்கிறது. என்ன செய்யலாம்?

முதலில் நோயாளியின் நிலையைச் சரியாகச் சொல்லுங்கள். “அம்மாவால் கையெழுத்துப் போட முடியாது” என்பதும் “அம்மாவுக்கு நினைவில்லை” என்பதும் வங்கிக்கு முற்றிலும் வேறு வேறு.

புத்தி தெளிவாக இருந்து கை மட்டும் ஓடவில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் வாடிக்கையாளர் சேவை விதிகளில் வழி இருக்கிறது. கைநாட்டு வைக்கலாம், கைவிரல் முடியாவிட்டால் கால் விரல் ரேகையும் ஏற்கப்படும். வங்கிக்குத் தெரிந்த இரண்டு சாட்சிகள் வேண்டும், அதில் ஒருவர் பொறுப்புள்ள வங்கி அதிகாரியாக இருக்க வேண்டும். ரேகையும் வைக்க முடியாதவர் காசோலையிலோ பணம் எடுக்கும் படிவத்திலோ ஒரு குறி இட்டால் போதும். அதற்கும் அதே இரண்டு சாட்சி. பணத்தை யார் வந்து வாங்குவார் என்பதையும் அவரே காட்ட வேண்டும், அந்த நபரையும் சாட்சிகள் அடையாளம் சொல்ல வேண்டும்.

நடப்பில் இது எப்படி இருக்கும்? மேலாளருக்கு எழுத்தில் ஒரு மனு, மருத்துவர் கடிதம், பாஸ்புக், பணம் எடுக்கும் படிவம். அதிகாரி ஆஸ்பத்திரிக்கு வருவார், கட்டில் ஓரம் நின்று “அம்மா, எவ்வளவு எடுக்கணும்? யார்கிட்ட கொடுக்கணும்?” என்று கேட்பார். அம்மா மகளைப் பார்த்துத் தலையசைத்து, மை தொட்டு ரேகை வைத்தால் வேலை முடிந்தது. அம்மா விழித்தபடி பேசாமல் கிடந்தால் அதிகாரி மூடியைப் போட்டு மைப்பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். அவர் செய்வதுதான் சரி. “ஆளை அனுப்ப முடியாது” என்று கிளை சொன்னால் மறுப்பை எழுத்தில் கேளுங்கள். பாதி இடங்களில் அப்போதே ஆள் கிளம்பிவிடும்.

நினைவே இல்லையென்றால், கூட்டுக் கணக்கு இருக்கிறதா என்று பாருங்கள். “இருவரில் ஒருவர் அல்லது உயிருடன் இருப்பவர்” என்ற வகை என்றால் சேமிப்புக் கணக்கில் ஒருவர் கையெழுத்தே போதும். பிக்சட் டெபாசிட்டில் பலருக்கும் தெரியாத ஒரு சிக்கல் உண்டு: முதிர்வு நாளில் ஒருவர் கையெழுத்து போதும், முதிர்வுக்கு முன் உடைக்க இருவர் கையெழுத்தும் கேட்பார்கள். ஐந்து லட்சத்தை ஐந்து வருடத்துக்கு ஒரே ரசீதாகப் போடாமல் சிறு சிறு ரசீதுகளாக, வெவ்வேறு முதிர்வு நாளில் போட்டு வையுங்கள் என்று நாங்கள் சொல்வதற்கு வட்டியைவிட இதுதான் காரணம்.

ஏ.டி.எம். கார்டும் ரகசிய எண்ணும் கையில் இருப்பதால் எடுத்துச் செலவு செய்கிறவர்கள்தான் அதிகம். ஊர் வழக்கம் அதுவே. ஆனால் அது அதிகாரம் ஆகாது. எடுத்திருந்தால் ஒவ்வொரு பில்லையும் வைத்திருங்கள். கூடப்பிறந்தவர்களுக்கு மாதம் ஒருமுறை கணக்கை அனுப்பிவிடுங்கள்.

டிமென்ஷியா (மறதி நோய்) என்று டாக்டர் எழுதிவிட்டார். இனி அம்மா எதிலும் கையெழுத்துப் போடக் கூடாதா?

நோயின் பெயர் மட்டும் ஒருவரைத் தகுதியற்றவர் ஆக்காது. ஒப்பந்தச் சட்டம் 12-வது பிரிவு கேட்பது ஒன்றுதான்: கையெழுத்திடும் அந்த நேரத்தில் அவருக்கு விஷயம் புரிகிறதா, தன் நலனுக்கு என்ன விளையும் என்று எடைபோட முடிகிறதா? இடையிடையே தெளிவு வரும் நோயாளி அந்தத் தெளிவில் செய்வது செல்லும். நல்ல மனிதரே காய்ச்சல் பிதற்றலில் செய்தால் செல்லாது. உயிலுக்கும் இந்திய வாரிசுரிமைச் சட்டம் 59-வது பிரிவு இதே போக்கில்தான் பேசுகிறது.

ஆரம்ப நிலையில் இருப்பவருக்கு உள்ள அவகாசம் சின்னது, அதை வீணாக்காதீர்கள். கையெழுத்து நாளன்றே, முடிந்தால் அதே வேளையில், மருத்துவச் சான்று வாங்குங்கள். “நல்ல மனநிலையில் உள்ளார்” என்ற ஒற்றை வரிச் சான்றை எதிர்த்தரப்பு வழக்கறிஞர் ஐந்து நிமிடத்தில் உடைத்துவிடுவார். என்ன கேட்டார்கள், அவர் என்ன சொன்னார் என்று சான்றில் இருக்க வேண்டும்: உங்களுக்கு என்னென்ன சொத்து? பிள்ளைகள் எத்தனை பேர், யார் யார்? இந்தப் பத்திரத்தால் என்ன ஆகும்? ஏன் மூத்தவருக்கு அதிகம்? மனநல மருத்துவரோ நரம்பியல் மருத்துவரோ எழுதினால் இன்னும் பலம். கேள்வி கேட்கும்போது பயன்பெறப்போகும் பிள்ளை அறையில் இருக்கக் கூடாது. வீடியோ எடுக்கிறீர்களா, அவர் தானாகப் பேசுவதை எடுங்கள். பின்னாலிருந்து “ஆமான்னு சொல்லும்மா” என்று குரல் கேட்கும் வீடியோ இல்லாமல் இருப்பதே மேல்.

அண்ணன் கோமாவில் இருக்கிறார். அவர் பேரில் உள்ள வீட்டை அண்ணி விற்றால்தான் வைத்தியம். எங்கே போவது?

சென்னை உயர் நீதிமன்றத்திலோ மதுரைக் கிளையிலோ அரசியல் சாசனம் 226-வது பிரிவின் கீழ் ரிட் மனு. கோமாவில் இருக்கும் வயது வந்தவருக்குக் காப்பாளர் நியமிக்க இந்தியாவில் தனிச் சட்டம் இல்லை. தன்னைக் காத்துக்கொள்ள முடியாதவருக்கு நீதிமன்றமே தாய்தந்தை என்ற பழைய கோட்பாட்டில்தான் உத்தரவு வருகிறது.

2019-இல் கேரள உயர் நீதிமன்றம் இதற்கு வழிமுறைகள் வகுத்தது. நரம்பியல் நிபுணர் இடம்பெற்ற மருத்துவக் குழு நோயாளியைப் பார்க்க வேண்டும்; தாசில்தார் நிலைக்குக் குறையாத வருவாய் அதிகாரி நேரில் போய் வாரிசுகள், சொத்துகள் பற்றி அறிக்கை தர வேண்டும்; நியமிக்கப்பட்ட காப்பாளர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை நீதிமன்றப் பதிவாளருக்குக் கணக்குக் காட்ட வேண்டும். பிற நீதிமன்றங்களும் இதைப் பின்பற்றிப் பேசுகின்றன.

2024 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒரு மனைவியின் வழக்கு இப்படித்தான் முடிந்தது. தனி நீதிபதி சிவில் கோர்ட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார். மேல்முறையீட்டில் இரு நீதிபதிகள் அமர்வு அதை மாற்றி, மனைவியையே காப்பாளராக நியமித்து, கணவரின் சொத்தை விற்க அனுமதித்தது. கூடவே ஒரு பூட்டும் போட்டது: 50 லட்சம் ரூபாயைக் கணவர் பேரில் பிக்சட் டெபாசிட் செய்ய வேண்டும், அவர் ஆயுள்வரை அது அப்படியே இருக்க, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டியை மனைவி எடுக்கலாம். நீதிமன்றம் எதை எதிர்பார்க்கிறது என்பது இதிலேயே தெரிகிறது.

மனுவுக்கு வேண்டியவை: மருத்துவமனை அறிக்கைகள், ஸ்கேன், மாதச் செலவு விவரம் பில்களுடன், எல்லா வாரிசுகளின் ஆட்சேபணையின்மை உறுதிமொழி, பட்டா, வில்லங்கச் சான்று, வங்கி விவரம், கடன் விவரம். ஒரு சொத்தை மறைத்தாலும் மனு கெட்டுப்போகும். கேட்பதைக் குறிப்பாகக் கேளுங்கள். “காப்பாளராக நியமிக்க” என்று மட்டும் உத்தரவு வாங்கிக்கொண்டு சார்பதிவாளர் அலுவலகம் போனால், “விற்க அனுமதி என்று இதில் எங்கே இருக்கிறது?” என்று திருப்பி அனுப்புவார்கள். சர்வே எண்ணோடு சொத்து, கணக்கு எண்ணோடு வங்கி, பதிவு செய்யவும் பணம் தரவும் ஆணை என எல்லாம் உத்தரவுக்குள் வர வேண்டும். வாரிசுச் சான்று கேட்டுத் தாசில்தாரிடம் அலையாதீர்கள். அது இறந்தவருக்குத்தான் தருவார்கள்.

கோமா இல்லை, மறதி நோய் முற்றிவிட்டது, அல்லது மனச்சிதைவு. அதற்கும் இதுதானா?

முன்பு வேறு வழி இருந்தது. 1987-ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தில் மாவட்ட நீதிமன்றமே மனநோயாளியின் சொத்துக்கு மேலாளரை நியமிக்கலாம். 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017 அதை நீக்கிவிட்டது. பதிலுக்குச் சொத்து பற்றி எதுவும் வைக்கவில்லை. எங்கள் கருத்தில் இது சட்டம் செய்தவர்கள் விட்ட பெரிய ஓட்டை. இப்போது உயர் நீதிமன்றம்தான் பாதுகாப்பான கதவு. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, 14-வது பிரிவில் “வரையறுத்த காப்பாளர்” என்று ஒன்று உண்டு; அது அவரோடு சேர்ந்து முடிவெடுக்கும் ஏற்பாடு, அவருக்குப் பதிலாக எல்லாவற்றையும் செய்வது அல்ல.

அதே 2017 சட்டத்தில் சிகிச்சைக்கு மட்டும் ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. எனக்கு மனநோய் முற்றினால் எப்படிச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கலாம் (5-வது பிரிவு). நமக்காகப் பேச ஒரு பிரதிநிதியை நியமிக்கலாம் (14-வது பிரிவு). அந்தப் பிரதிநிதி வங்கிக்குப் போய் ஒரு ரூபாய் எடுக்க முடியாது.

மகனுக்கு ஆட்டிசம். 18 முடிந்துவிட்டது. நான் அம்மாதானே, தனியாகக் காப்பாளர் சான்று எதற்கு?

18 முடிந்த நாளோடு பெற்றோர் என்ற முறையில் இருந்த இயல்பான காப்பாளர் உரிமை முடிகிறது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும் நேஷனல் டிரஸ்ட் சட்டம் 1999 இருக்கிறது. மாவட்ட ஆட்சியர், பதிவு பெற்ற ஒரு தொண்டு அமைப்பின் பிரதிநிதி, ஒரு மாற்றுத்திறனாளி ஆகிய மூவர் கொண்ட உள்ளூர்க் குழு காப்பாளரை நியமிக்கும். ‘ஏ’ படிவம், ஊனச் சான்று, ஆதார், புகைப்படங்களுடன் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள். கோர்ட் செலவு இல்லை.

சான்று கிடைத்ததும் அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். ஆறு மாதத்துக்குள் மகனின் சொத்து, கடன் பட்டியலைக் குழுவுக்குத் தர வேண்டும். ஒவ்வொரு நிதியாண்டு முடிந்து மூன்று மாதத்துக்குள் கணக்கும் தர வேண்டும் (16-வது பிரிவு). புறக்கணித்தாலோ சொத்தைச் சுருட்டினாலோ காப்பாளரை நீக்கலாம். பெற்றோர் இருவரும் போன பின் யார் என்பது தானாக முடிவாகாது, மறுபடி மனு வேண்டும். உயிலில் சொத்தை மகன் பேரில் நேரடியாக எழுதாமல், அவன் நலனுக்கான டிரஸ்ட் வழியாக எழுதுவது பற்றி வழக்கறிஞரிடம் பேசுங்கள்.

வென்டிலேட்டர் வேண்டாம் என்று இப்போதே எழுதிவைக்கலாமா?

வைக்கலாம். 2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. அப்போது மாஜிஸ்திரேட் கையொப்பம் கேட்டதால் யாராலும் செய்ய முடியவில்லை. 2023 ஜனவரியில் எளிதாக்கினார்கள்: இரண்டு சாட்சிகள், நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரி முன் கையெழுத்து. நீங்கள் பேச முடியாதபோது முடிவு சொல்ல வேண்டியவர் பெயர் அதில் இருக்க வேண்டும். ஒரு நகல் குடும்ப மருத்துவருக்கு, ஒன்று உள்ளாட்சி அமைப்பின் அதிகாரிக்கு.

“கஷ்டப்படுத்தாதீர்கள்” என்று எழுதினால் ஐ.சி.யூ. மருத்துவருக்கு அது உதவாது. வென்டிலேட்டர், டயாலிசிஸ், நெஞ்சை அழுத்தி உயிர்ப்பித்தல், மூக்கில் குழாய் என்று பெயர் சொல்லி, எந்த நிலையில் வேண்டாம் என்று எழுதுங்கள். எழுதியும் சிகிச்சை உடனே நிற்காது: மருத்துவமனையின் முதல் குழு, பிறகு மாவட்டத் தலைமை மருத்துவ அதிகாரி பரிந்துரைக்கும் மருத்துவர் இடம்பெறும் இரண்டாம் குழு, இரண்டும் ஒப்ப வேண்டும்.

வீட்டை மகனுக்கு செட்டில்மென்ட் எழுதினேன். இப்போது சோறு போடவில்லை. திரும்ப வாங்கலாமா?

60 வயது முடிந்தவர் என்றால் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007, 23-வது பிரிவு. தமிழ்நாட்டில் ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு. நீங்களாகவே பதிவு அலுவலகம் போய் ஒருதலையாக ரத்துப் பத்திரம் எழுதுவது நிற்காது.

வழக்கு நின்று போகும் இடம் ஒன்றுதான். கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்தேன் என்பதைக் காட்ட வேண்டும். 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இதில் கறாராகப் பேசியது. 2025 ஜனவரியில் வேறொரு வழக்கில், முதியோர் பக்கம் நின்று தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்றும், இடத்தை மீட்டுத்தரவும் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் உண்டு என்றும் சொன்னது. இனி எழுதுகிறவர்கள் சந்தேகத்துக்கு இடம் வைக்காதீர்கள். பத்திரத்திலேயே இப்படி ஒரு வரி வேண்டும்: “என் ஆயுள்வரை உணவு, உடை, இருப்பிடம், மருத்துவம் ஆகியவற்றைத் தாங்கள் தவறாமல் செய்துவர வேண்டியது, தவறினால் 2007-ஆம் ஆண்டுச் சட்டம் 23-வது பிரிவின்படி இந்த ஏற்பாடு ரத்தாகத்தக்கது.” கூடவே ஆயுள்கால அனுபவ உரிமையையும் உங்களுக்கே வைத்துக்கொள்ளுங்கள்.

உத்தரவு வந்ததும் சார்பதிவாளரிடம் கொடுத்து வில்லங்கத்தில் பதிவாகிறதா என்று பாருங்கள். அது ஏறாமல் இருந்தால் மகன் மூன்றாம் நபருக்கு விற்றுவிட்டுப் போவார். மாதப் பராமரிப்புத் தொகையும் இதே தீர்ப்பாயத்தில் கேட்கலாம்; 2007 சட்டத்தில் உச்ச வரம்பு 10,000 ரூபாய்.

அப்பாவிடம் யாரோ ரேகை வாங்கியிருப்பதாகச் சந்தேகம்.

முதலில் பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம் பாருங்கள். பதிவாகியிருந்தால் நகல் எடுத்து, தேதியையும் அன்றைய மருத்துவப் பதிவேட்டையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள். காலை ஐ.சி.யூ.வில் சேர்ந்தவர் மாலை தானம் எழுதியிருக்கிறார் என்றால் வழக்கின் பாதி முடிந்தது. வயது, நோய், மன வேதனையால் புத்தி தளர்ந்தவரிடம் எழுதி வாங்குவதை ஒப்பந்தச் சட்டம் 16-வது பிரிவு தகாத செல்வாக்கு என்று பார்க்கிறது. பேரம் அநியாயமாகத் தெரிந்தால் நியாயமாக வாங்கினேன் என்று நிரூபிப்பது வாங்கியவர் பாடு. பத்திரத்தை ரத்து செய்யும் வழக்குக்கு, விஷயம் தெரிந்த நாளிலிருந்து மூன்று வருடம்தான் கெடு.

போனில் மிரட்டிப் பணம் பறித்திருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930. அடி, பட்டினி, விரட்டல் என்றால் முதியோர் உதவி எண் 14567. முதியவரைக் கைவிடுவது மூன்று மாதம் வரை சிறைக்குரிய குற்றம். மறதி தொடங்கியவரின் போனில் பணம் அனுப்பும் செயலியை எடுத்துவிட்டு, சிறு தொகை மட்டும் இருக்கும் தனிக் கணக்கில் அட்டை கொடுங்கள். செலவு செய்யும் சுதந்திரத்தை முழுக்கப் பிடுங்கினால் அவர் வேறு ஒருவரிடம் போய்க் கேட்பார். அந்த ஒருவர் யார் என்பதுதான் பயம்.

எனக்குப் பிள்ளைகள் இல்லை. தனியாக இருக்கிறேன்.

உங்கள் சொத்தை அனுபவிக்கும் அல்லது நாளை வாரிசாக அடையப்போகும் உறவினர், வசதி உள்ளவர் என்றால், உங்களைப் பராமரிக்கச் சட்டப்படி கடமைப்பட்டவர் (2007 சட்டம், 4-வது பிரிவு). தீர்ப்பாயத்தில் அவர் மேல் மனு போடலாம். நம்பிக்கையானவர் ஒருவரோடு “இருவரில் ஒருவர்” கணக்கு ஒன்றைத் தொடங்கி ஆறு மாதச் செலவை மட்டும் அதில் வையுங்கள், மீதி உங்கள் பேரிலேயே இருக்கட்டும். உயிலில் நிறைவேற்றுபவராக ஒருவரையும், அவர் இல்லாவிட்டால் யார் என்பதையும் எழுதுங்கள். எல்லாத் தாள்களும் எங்கே இருக்கின்றன என்று ஒரு பக்கத்தில் எழுதி, எதிர்வீட்டில் சாவி கொடுத்துவைத்திருப்பவரிடம் அதன் நகலையும் கொடுங்கள்.